தாது வருஷப் பஞ்சத்தை எந்த அலமாரியில் தேடுவது?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெயர் ‘ஒரே நாடு ஒரே சந்தா’. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. உலகின் 30 பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். 2025 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஐஐடி போன்ற வசதியுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான இதழ்களை இன்று ஆத்தூரிலோ முசிறியிலோ அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவியும் காசு கொடுக்காமல் படிக்க முடியும்.

அதே மாணவியிடம் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன நடக்கிறது? கை முதலில் கூகுளுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் வரும் மூன்று நான்கு இணைப்புகள், ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை, சீனியர் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய புராஜெக்ட். இவற்றைக் கோத்து, கடைசிப் பக்கத்தில் துணைநூற்பட்டியல் என்று பத்துப் புத்தகங்களின் பெயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அவள் கையால் தொட்டிருக்க மாட்டாள்.

இதற்கு அவளைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் எப்படித் தேடுவது என்று பள்ளியிலும் கல்லூரியிலும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தந்தவர்கள் மிகக் குறைவு. நூலகம் என்றால் தேர்வுக்குப் பாடப்புத்தகம் எடுக்கும் இடம், இல்லாவிட்டால் செய்தித்தாள் புரட்டும் இடம் என்ற அளவோடு பலருக்கும் பழக்கம் நின்றுவிடுகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தால், நூலகம் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு என்னென்ன தரும் என்பது புரிந்துவிடும்.

தலைப்பைச் சுருக்கு, கேள்வியைத் தேடு

சேலம் மாவட்டத்தில் முதுகலை வரலாறு படிக்கும் ஒரு மாணவி ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று தலைப்பு எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று பரவிய கொடுமையில் மாண்டவர்கள் சுமார் 55 லட்சம் என்பார் உண்டு. ஒரு கோடியை நெருங்கும் மதிப்பீடுகளும் உண்டு. இத்தனை பெரிய விஷயத்தை இருபது பக்கத்தில் எழுத உட்கார்ந்தால், ஏற்கெனவே எல்லோரும் எழுதியதைத் திருப்பி எழுதுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஆகவே முதல் வேலை, தலைப்பைச் சுருக்குவது. அதற்கு உதவும் இடம் நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவு. கலைக்களஞ்சியம், அகராதி, மாவட்ட விவரச்சுவடி போன்றவை அங்கே இருக்கும்; வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சேலத்துக்கு இந்த வகையில் இரண்டு பழைய நூல்கள் உண்டு. ஒன்று, எச். லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு. மற்றது, எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த விவரச்சுவடி. இரண்டும் இணையத்திலும் வருடல் பிரதிகளாகக் கிடைக்கின்றன.

பழைய விவரச்சுவடிகளின் மக்கள்தொகைப் பகுதியில் ஒரு கணக்கு கண்ணில் படும். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சம். 1881இல் சுமார் 16 லட்சம். பத்தே ஆண்டுகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.

அந்த மூன்றரை லட்சம் பேர் என்ன ஆனார்கள்? செத்தவர்கள் எத்தனை பேர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பசியால் பிறப்பே குறைந்ததன் பங்கு எவ்வளவு? அன்றைய அரசு இந்தக் குறைவை எப்படி விளக்கியது? இப்போது மாணவியின் கையில் ஒரு கேள்வி வந்துவிட்டது. ஊர் தெரியும், காலம் தெரியும், தேட வேண்டிய ஆவணங்களும் தெரியும். இனி அவள் படிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் இந்தக் கேள்வியை வைத்தே எடுக்கலாம், தள்ளலாம்.

ஒரே பஞ்சம், மூன்று அலமாரிகள்

வரலாற்று மாணவி நேராக வரலாற்று அலமாரிக்குப் போவாள். நம் கல்லூரி நூலகங்கள் பலவும் பின்பற்றும் டூயி தசம வகைப்பாட்டில் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு எண் 954.82. பஞ்சத்தைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் அங்கே இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உணவுப் பற்றாக்குறை, நிவாரணம் பற்றிய நூல்கள் 363.8இல் நிற்கும். மக்கள்தொகை பற்றியவை 304.6இல் இருக்கும். ஒரே பஞ்சம் மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது.

இந்தச் சிதறலைச் சேர்த்துத் தருவதுதான் நூற்பட்டியலின் வேலை. முன்பு சின்னச் சின்ன மர இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்தது. இப்போது பெரும்பாலும் ‘ஓபாக்’ என்ற கணினிப் பட்டியல். அதில் புத்தகத்தின் பெயரைக் கொண்டு மட்டும் தேடாமல், பொருளைக் கொண்டும் தேடலாம். பயனுள்ள ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் பதிவில் கொடுத்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கினால், அதே பொருளில் எந்த அலமாரியில் எது இருந்தாலும் பட்டியல் காட்டிவிடும். அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனவர்கள், அந்தப் புத்தகத்தின் இருபுறமும் உள்ள பத்துப் பத்துப் புத்தகங்களையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. எதிர்பாராத நூல்கள் அப்படித்தான் அகப்படும்.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ் நூல்களில் இந்தப் பஞ்சம் தாது வருஷப் பஞ்சம், தாது வருடப் பஞ்சம் என்ற பெயர்களில் வரும். ஆங்கில நூல்களில் 1876–78 பெரும்பஞ்சம், சென்னைப் பஞ்சம், தென்னிந்தியப் பஞ்சம் என்று மூன்று நான்கு பெயர்கள். ஊர்ப்பெயர்களுக்கும் இதே கதைதான். திருச்சிராப்பள்ளியை ‘டிரிச்சினாப்பொலி’ என்றும் தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்றும் திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றும் எழுதிய காலத்து ஆவணங்களை அந்த எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று எழுந்து போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஆவணம் இருந்திருக்கும். தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் இத்தகைய மாற்றுப் பெயர்களை எல்லாம் எழுதி வைத்துக்கொள்வது பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடிக்குறிப்பில் இருக்கும் வழி

அடுத்தது, இந்த விஷயத்தில் மற்ற ஆய்வாளர்கள் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. சந்தா கட்டிய ஆய்விதழ்கள் இங்கேதான் பயன்படும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’வில் எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள் இருக்கின்றன. இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்றுக்கென்றே வரும் சேஜ் இதழும், கேம்பிரிட்ஜின் ‘மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ்’ இதழும் நம் மாணவிக்கு நேரடியாக உதவக்கூடியவை. கல்லூரி வளாகத்து இணைப்பில் இருந்தால் இவை தாமாகத் திறக்கும். விடுதியிலோ வீட்டிலோ இருந்து படிக்க ‘இன்ஃபெட்’ என்ற நுழைவு வசதி உண்டு. காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் அதை நடத்துகிறது. கணக்கு தொடங்கித் தருபவர் கல்லூரி நூலகர்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கொண்டு இரண்டு திசையில் போகலாம். பின்னோக்கிப் போக அதன் அடிக்குறிப்புகள். 1984இல் வெளிவந்த ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ மூன்றாம் தொகுதியில் டேவிட் அர்னால்டு இந்தப் பஞ்சத்தின்போது சென்னை மாகாண விவசாயிகள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதன் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாலே, எந்தெந்த அரசு ஆவணங்களை, எந்தச் செய்தித்தாள்களைத் தேட வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிடும். முன்னோக்கிப் போக, கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் கீழே இருக்கும் மேற்கோள் எண்ணிக்கையைச் சொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரையைப் பயன்படுத்திப் பிறகு எழுதியவர்கள் யார் யார், அதை மறுத்தவர்கள் யார் என்று தெரியும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ இருக்கிறது. இதையும் இன்ஃப்லிப்நெட் மையமே நடத்துகிறது. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்ததன் பயனாக, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும், எந்தக் கல்லூரியையும் சேராதவர்கள்கூட, இலவசமாகப் படிக்கலாம். தரத்தில் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. ஒரு மாணவருக்கு அவற்றில் மிகவும் பயன்படுவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இயலும், கடைசியில் வரும் துணைநூற்பட்டியலும்தான்.

மூல ஆவணத்தின் முன்னால்

அர்னால்டு சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் படித்தாயிற்று. அவர்களெல்லாம் எதைப் பார்த்துச் சொன்னார்களோ, அதை மாணவி தானே பார்க்கும்போதுதான் கட்டுரை அவளுடையதாகிறது.

பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோது ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்தவர் வில்லியம் டிக்பி. நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தார். அவர் 1878இல் எழுதி வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த இந்தியப் பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கை இருக்கிறது. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள் இருக்கின்றன.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது இணையச் சுருக்கங்கள் பலவும் தராத ஒன்று கண்ணில் படும். வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் இருக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். கடும் உடலுழைப்பு செய்கிறவருக்கு இது போதாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்று எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். மாவட்டம் மாவட்டமாக மக்களை எண்ணிய அறிக்கையைத் தயாரித்தவர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே மக்களின் ஒரு வேளைச் சோற்றுக்காகத் தன் மேலதிகாரத்தோடு வாதாடியிருக்கிறார். இந்தத் தொடர்பு இரண்டு வேறு அலமாரிகளில் இருக்கும் இரண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் படிக்கும்போது தெளிவாகத் தென்படும்.

மூல ஆவணம் என்பதற்காக அதை அப்படியே நம்பவும் கூடாது. பஞ்ச காலத்தில் கிராமத்துப் பிறப்பு, இறப்புப் பதிவு முழுமையாக நடக்கவில்லை. பதிவேட்டில் உள்ள சாவு எண்ணிக்கைக்கும் கணக்கெடுப்பு காட்டும் குறைவுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி எழுதுவதே ஒரு நல்ல கட்டுரைக்குப் போதுமான விஷயம்.

அரசு ஆவணத்தில் பேசுபவர்கள் அதிகாரிகள். பட்டினி கிடந்தவர்களின் பக்கத்துக் குரலுக்குத் தமிழ் அச்சு நூல்களிடம்தான் போக வேண்டும். சிவகங்கைப் பகுதியைச் சேர்ந்த வில்லியப்பப் பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இந்தப் பஞ்சத்தைப் பாடிய நூல். பஞ்சக் கும்மி என்ற வகையில் சிறு பாட்டுப் புத்தகங்களும் அச்சாகியிருக்கின்றன. கல்லூரி நூலகங்களில் இவை கிடைப்பது அரிது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய சிறு வெளியீடுகளுக்குப் பேர்போனது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த லட்சத்தை எட்டும் நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையிலேயே பாதுகாக்கப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

நூலகரிடம் என்ன கேட்பது?

இத்தனை வழிகளையும் ஒரு மாணவி தனியாகக் கண்டுபிடிக்க ஓராண்டு ஆகலாம். நூலகரிடம் அரை மணி நேரம் பேசினால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

தேடுகிறவருக்கு நூலகர் உதவ வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் வேரூன்றி ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்றார். பிரிட்டன் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, படிக்க வருபவரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்கிறது. அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட வேண்டும், தேடுகிறவரின் பக்கத்தில் நின்று நூலகர் உதவ வேண்டும் என்ற கொள்கைகளில் அவர் உறுதியாக இருந்தார். நூலை எடுத்துக் கொடுத்து, தேதி முத்திரை குத்துவதோடு நூலகரின் வேலை முடிந்துவிடுவதாக அவர் கருதவில்லை.

கேட்கும் விதத்தில்தான் உதவியின் அளவு இருக்கிறது. ‘சார், பஞ்சம் பற்றி புக் இருக்கா?’ என்று கேட்டால் ஓர் அலமாரியைக் காட்டுவார். ‘மேடம், 1871க்கும் 1881க்கும் நடுவில் சேலம் மாவட்டத்தில் ஜனத்தொகை ஏன் குறைந்தது என்று எழுதுகிறேன். லெ ஃபானுவைப் பார்த்துவிட்டேன். கணக்கெடுப்பு அறிக்கை எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டால் உரையாடல் வேறு விதமாகத் தொடங்கும். கையில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்றும் கேட்கலாம். 1988இல் டெல்லியில் தொடங்கிய ‘டெல்நெட்’ அமைப்பில் உறுப்பினரான கல்லூரிகளுக்கு நூலகங்களுக்கிடையே இரவல் பெறும் வசதி உண்டு.

எழுதும்போது

படிக்கும்போதே நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண் மூன்றையும் குறித்து வைக்காதவர்கள், கட்டுரையைக் கொடுக்க வேண்டிய முந்தின இரவில் தவிப்பார்கள். ‘ஜோட்டெரோ’ என்ற இலவச மென்பொருள் இந்த விவரங்களைச் சேமித்து, கடைசியில் துணைநூற்பட்டியலையும் தானே தயாரித்துத் தருகிறது. கைபேசியில் படமெடுக்கும்போது முதலில் தலைப்புப் பக்கத்தை எடுத்துவிட்டுப் பிறகு தேவையான பக்கங்களை எடுப்பது நல்ல பழக்கம்.

ஆய்வேடுகளில் கருத்துத்திருட்டைத் தடுக்க 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வகுத்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுத வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள் இந்தக் கணக்கில் வராது. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கித் தன் பெயரில் கொடுப்பதும் திருட்டுதான். மென்பொருள் கண்டுபிடிக்காமல் விடலாம், வைவாவில் இரண்டு கேள்வி கேட்டால் வெளிவந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் புதிதாக ஓர் அபாயத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆதாரம் கேட்டால், இல்லாத நூலையும் இல்லாத கட்டுரையையும் நிஜ ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தந்துவிடுகின்றன. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த பொய்யான தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். ஒரு நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். கண்ணால் பார்க்காத எதையும் துணைநூற்பட்டியலில் சேர்ப்பதில்லை என்று மாணவர்கள் முடிவெடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

சுயநிதிக் கல்லூரி மாணவர்கள்

‘ஒரே நாடு ஒரே சந்தா’வின் முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கானது. தமிழ்நாட்டில் மிகப் பெரும் எண்ணிக்கையிலான மாணவர்கள் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அதில் சேரவில்லை. அறிவுக்கு இப்படி ஒரு வேலி இருப்பது வருத்தத்துக்குரியது. அடுத்த கட்டம் விரைவில் வரவேண்டும். அதுவரை அவர்களுக்கு வழியே இல்லாமல் போகவில்லை. கல்லூரி உறுப்பினராகச் சேர்ந்தால் இன்ஃப்லிப்நெட்டின் ‘என்-லிஸ்ட்’ வழியாக ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைப் படிக்கலாம். ஷோத்கங்காவும், ஐஐடி கரக்பூர் உருவாக்கிய தேசிய மின்னூலகமும் எல்லோருக்கும் பொது. கட்டணம் கேட்கும் கட்டுரைக்கு இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று ‘அன்பேவால்’ என்ற உலாவி இணைப்பு தேடிச் சொல்லும். சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

கல்லூரிகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முதல் பருவத்தின் கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் நூலகத்துக்கென்று ஒதுக்கி, அந்த வகுப்பை நூலகரே எடுக்கட்டும். ஓபாக்கில் தேடுவது, ஆய்விதழுக்குள் நுழைவது, அடிக்குறிப்பு எழுதுவது ஆகியவற்றை மாணவர்களின் சொந்தத் தலைப்புகளை வைத்தே செய்துகாட்டலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். அப்படியொரு வகுப்பு இல்லாத கல்லூரியில் படிப்பவர்கள், கட்டுரைத் தலைப்பு கையில் கிடைத்த வாரத்திலேயே நூலகரைப் போய்ப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: நம் கல்லூரிக்கு எந்தெந்தத் தரவுத்தளங்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்து படிக்க எனக்குக் கணக்கு தர முடியுமா, இந்தத் தலைப்புக்கு முதலில் எதைப் பார்க்க வேண்டும்?